கோபால் தெரிந்தவர்கள்

எங்கள் பக்கத்துக் கல்யாண வீடுகளில் பந்தி முடிந்து கை கழுவி வந்தால், யாராவது ஒருவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு இந்தக் கேள்வியைக் கேட்காமல் இருக்க மாட்டார். சென்ற ஆவணியில் சின்னமனூரில் ஒரு மண்டபத்தில் சித்தப்பா முறையுள்ள ஒருவர் கேட்டார்.

"ஏப்பா, எம் மக அடுத்த வருசம் காலேஜ முடிக்கிறா. எந்தக் கம்ப்யூட்டர் லாங்குவேஜப் படிச்சா சம்பளம் சாஸ்தி கெடைக்கும்? ஆளுக்கு ஒண்ணு சொல்றாக."

இதற்கு வழக்கமாக நான் வைத்திருக்கும் பதில் ஒன்று உண்டு. இப்போது இது ஓடுகிறது, இரண்டு வருடம் கழித்து அது ஓடும் என்று நான்கைந்து பெயர்களைச் சொல்லி, கேட்டவரைத் திருப்தியாக அனுப்பிவிடுவேன். அன்று பக்கத்தில் என் மனைவி நின்றிருந்தாள். கையில் தாம்பூலப் பை. வாயைத் திறந்தவன் நிறுத்திவிட்டேன்.

"சொல்லுங்க. அதெல்லாம் உங்களுக்குத்தேன் நல்லாத் தெரியும்" என்றாள் அவள். குரலில் குத்தல் எதுவும் இல்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் என்னவோ சொல்லிச் சமாளித்தேன். சித்தப்பா அதைக் கைபேசியில் குறித்துக்கொண்டார். நடந்ததை எழுதிவிட வேண்டும் என்று வீட்டுக்குத் திரும்பும் வழியில் எனக்குத் தோன்றியது.

நானும் அவளும் இந்த மாவட்டத்திலேயே ஒரு பொறியியல் கல்லூரியில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். நான் கம்பம், அப்பாவுக்கு உரக்கடை. அவள் ஓடைப்பட்டி, வீட்டில் திராட்சைத் தோட்டம். கல்லூரியில் நாங்கள் அதிகம் பேசிக்கொண்டதில்லை. கடைசி வருடம் சென்னை நிறுவனம் ஒன்று வந்து வேலைக்கு ஆள் எடுத்தபோது எங்கள் வகுப்பிலிருந்து தேறியவர்கள் மூன்று பேர். அதில் நாங்கள் இரண்டு பேர். சென்னையில் ஊர்ப் பேச்சு பேச வேறு ஆள் இல்லாததால் பழக்கமானோம்.

மூன்று மாதம் பயிற்சி. எல்லோருக்கும் எல்லாமும் கொஞ்சம் கொஞ்சம் சொல்லிக்கொடுத்து, கடைசியில் ஒரு தேர்வு வைத்து, யார் எந்த மொழியில் வேலை பார்க்க வேண்டும் என்று பிரித்தார்கள். அறிவிப்புப் பலகையில் பட்டியல் ஒட்டியிருந்தது. அவளுக்கு ஜாவா. எனக்கு மெயின்ஃப்ரேம். மெயின்ஃப்ரேம் என்பது வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் பல காலமாக வைத்திருக்கும் பெரிய இயந்திரம். அதில் எழுதுகிற மொழிக்குக் கோபால் என்று பெயர். எங்கள் அப்பா அம்மா கல்யாணத்துக்கு முன்பே இருந்த மொழி அது.

"கோபால்ல மாட்டுனா அவ்வளவுதான். வெளிய எவனும் கூப்பிட மாட்டான்" என்று விடுதியில் எங்களுக்கு முன்பு சேர்ந்தவர்கள் சொன்னார்கள். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள்தான் உணவு விடுதியில் எதிரே வந்து உட்கார்ந்து கேட்டாள்.

"என்ன, மூஞ்சி இப்படி இருக்கு?"

"மெயின்ஃப்ரேம் போட்டுட்டாக."

"அதுக்கென்ன. சம்பளம் எல்லாருக்கும் ஒண்ணுதான?"

"இப்ப ஒண்ணுதேன். மூணு வருசம் கழிச்சுப் பாரு. ஜாவாக்காரன் கம்பெனி மாறி மாறிப் போயிக்கிட்டே இருப்பான். நான் இங்கனயே கெடப்பேன்."

நான் சொன்னதை முழுக்கத் தெரிந்துதான் சொன்னேன். அதைப் பிறகு எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். இரண்டு மொழிக்கும் சம்பளத்தில் என்ன வித்தியாசம் வரும் என்று அவளுக்கே விளக்கிச் சொல்லிவிட்டு, அதற்கு அடுத்ததாக, "நீ வேணா மாத்திக்கிறியா?" என்று கேட்டேன். இரண்டு பேரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் மாற்றிக்கொள்ளலாம் என்று விதி இருந்தது.

அவள் டம்ளரில் இருந்த காபியைச் சுழற்றினாள். "எதுன்னாலும் நான் புதுசாத்தேன் படிக்கணும். நீ எடுத்துக்க" என்றாள். தேர்வில் அவள் என்னைவிட முப்பது இடம் முன்னால் இருந்தவள். அன்று சாயங்காலமே படிவத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தோம்.

ஒன்றரை வருடம் கழித்துக் கல்யாணம். இரண்டு வீட்டிலும் பெரிதாக எதிர்ப்பில்லை. அப்போது எங்கள் சம்பளத்தில் ஒரு ரூபாய்கூட வித்தியாசம் கிடையாது.

என் அம்மாவுக்கு மருமகள் வேலையைப் பற்றிப் பெருமை. கோபால் என்பது ஒரு மொழி என்று நாங்கள் சொன்னது மனதில் நிற்கவில்லை. "எம் மருமக மெட்ராசுல கோபாலுகிட்ட வேலை பாக்குறா. நல்ல மனுசனாம்" என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். ஊருக்குப் போகும்போதெல்லாம் "கோபாலு நல்லா இருக்காராத்தா?" என்று விசாரிப்பார். "நல்லா இருக்காருத்தை" என்று அவளும் சிரிக்காமல் பதில் சொல்வாள்.

அவளுக்கு உண்மையிலேயே அந்த மொழி பிடித்துப்போயிற்று. யார் யாரோ எப்போதோ எழுதிவைத்த நிரல்களைப் பிரித்துப் படிப்பதுதான் அவளுக்கு வேலை. "கடுதாசி மாதிரி இருக்கு. எழுதுன ஆளு எந்த எடத்துல பயந்தாரு, எந்த எடத்துல அவசரப்பட்டாருன்னு எல்லாம் தெரியுது" என்பாள். நான் எழுதுவது ஜாவா. எனக்குப் பிறர் எழுதியதைப் படிப்பதென்றால் கசக்கும். அழித்துவிட்டுப் புதிதாக எழுதத்தான் கை வரும்.

மூன்று வருடம் கழித்து என்ன நடக்கும் என்று உணவு விடுதியில் சொன்னேனோ, அது அப்படியே நடந்தது. நான் ஒரு நிறுவனம் மாறினேன். பிறகு இன்னொன்று. ஒவ்வொரு முறையும் சம்பளம் துள்ளி ஏறியது. அவள் சேர்ந்த இடத்திலேயே இருந்தாள். வருடத்துக்கு ஒருமுறை கொஞ்சம் உயர்த்திக் கொடுத்தார்கள். மகள் பிறந்து இரண்டு வயது ஆனபோது என் சம்பளம் அவளுடையதைப்போல இரண்டரை மடங்கு ஆகியிருந்தது.

அந்தச் சமயத்தில் அவள் அலுவலகத்தில் ஒரு வாய்ப்பு வந்தது. மெயின்ஃப்ரேமில் இருப்பவர்களுக்கு ஜாவா சொல்லிக்கொடுத்து, தேர்வில் தேறினால் வேறு பிரிவுக்கு மாற்றுவதாகச் சொன்னார்கள். இரண்டு மாத வகுப்பு, சாயங்காலம் ஆறிலிருந்து எட்டு வரை. குழந்தையை விடும் காப்பகம் ஆறரைக்கு மூடிவிடும்.

"பிள்ளைய நீ கூட்டிட்டு வந்துருவியா?" என்று கேட்டாள்.

"பாத்துக்கலாம். நீ சேரு" என்றேன்.

முதல் வாரம் நான் போனேன். இரண்டாவது வாரம் எனக்குக் கூட்டம் இருந்தது. வெளிநாட்டுக்காரர்களோடு பேசும் கூட்டம், தள்ளிவைக்க முடியாது என்று நானே முடிவு செய்துகொண்டேன். அவள் வகுப்பிலிருந்து பாதியில் எழுந்து போய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டு திரும்பவும் வகுப்புக்குப் போனாள். கடைசி வரிசையில் உட்காரவைத்து வண்ணப் பென்சில்களைக் கொடுத்திருக்கிறாள். குழந்தை சத்தம் போடவில்லை. ஆனாலும் அலுவலகத்துக்குள் குழந்தையை அழைத்து வரக் கூடாது என்று மறுநாள் மின்னஞ்சல் வந்தது. அதற்கடுத்த இரண்டு நாளும் எனக்குக் கூட்டம்.

"நிறுத்திட்டேன்" என்று ஒரு வெள்ளிக்கிழமை சொன்னாள்.

"ஏன், போயிருக்கலாமே" என்றேன் நான்.

இத்தனை வருடத்தில் நான் அவளிடம் கோபமாகப் பேசியது உண்டு, வாக்குவாதம் செய்தது உண்டு. அதெல்லாம் மறந்துபோயிற்று. இந்த "போயிருக்கலாமே" மட்டும் மறக்கவில்லை. வகுப்பை நிறுத்தச் சொல்லி நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். சொல்லவில்லைதான். ஆறரைக்கு வராமல் இருந்தேன், அவ்வளவுதான்.

அப்பா இறந்தபின் அம்மா கம்பத்துக் கடையை விற்றுவிட்டுத் தேனியில் நாங்கள் வாங்கிய வீட்டில் தனியாக இருந்தார். மகள் முதல் வகுப்பு படிக்கும்போது அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. மதுரையில் மருத்துவமனையில் மூன்று வாரம் வைத்திருந்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். யாராவது ஒருவர் கூடவே இருக்க வேண்டும். சென்னைக்கு வர அம்மாவுக்கு மனம் இல்லை.

நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மடிக்கணினியில் எங்கள் வரவு செலவைப் போட்டேன். ஒரு பக்கம் என் சம்பளம், ஒரு பக்கம் அவள் சம்பளம். நான் வேலையை விட்டால் வீட்டுக்கடன் கட்ட முடியாது. அவள் விட்டால் கட்டலாம். எந்த முகதாட்சண்யமும் இல்லாமல் கணக்கு அப்படித்தான் வந்தது. திரையை அவள் பக்கம் திருப்பிக் காட்டினேன். அவள் கீழிருந்து மேல் வரை நிதானமாகப் படித்தாள்.

"எல்லாம் சரியாத்தேன் போட்டுருக்க. என்னோடது ஏன் கம்மின்னு மட்டும் எழுதல" என்றாள்.

நான் திரையை என் பக்கம் திருப்பிக்கொண்டேன். அடுத்த மாதம் அவள் வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு மகளோடு தேனிக்குப் போய்விட்டாள். சம்பளத்துக்கு ஆள் வைத்துப் பார்த்திருக்கலாமா என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. வீட்டில் ஒரு பெண் இருக்கும்போது அந்த யோசனை யாருக்கும் வரவில்லை என்பதுதான் உண்மை.

நான் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பேருந்தில் வந்து போனேன். சென்னையில் என்னை 'நீ' என்று பேசிக்கொண்டிருந்தவள் தேனியில் அம்மா முன்னால் 'நீங்க' என்று பேசினாள். நான் ஊரில் இருக்கும் இரண்டு நாளும் பெரும்பாலும் 'நீங்க'தான். அம்மாவுக்கு அவள் குறை வைத்ததே இல்லை. கை கால் பிடித்துவிட்டு நடக்கப் பழக்கினாள். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு கூடம் வரை வரும் அளவுக்குத் தேறினார். "கோபாலு ஒன்ன விட்டுட்டு எப்படிச் சமாளிக்காரோ" என்று ஒருநாள் அவளைப் பார்த்துச் சொன்னார். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

பிறகு பெருந்தொற்று வந்து அலுவலகங்களை மூடினார்கள். நானும் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு தேனிக்கே வந்துவிட்டேன். மாடி அறையில் மேசை போட்டுக்கொண்டேன். ஜன்னலைத் திறந்தால் மேற்கே மலை. கம்பத்துப் பக்கமிருந்து அடிக்கும் ஆடிக் காற்றுக்குக் காகிதங்கள்மேல் கல் வைக்க வேண்டியிருந்தது. வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்றால் அவளும் வேலையை விட்டிருக்க வேண்டியதில்லை. அந்தப் பேச்சை இரண்டு பேருமே எடுக்கவில்லை.

எனக்கு அப்போது கிடைத்த வேலை ஒரு வெளிநாட்டு வங்கியுடையது. அவர்களுடைய பழைய மெயின்ஃப்ரேம் நிரல்களை எல்லாம் ஜாவாவுக்கு மாற்ற வேண்டும். எங்கள் குழுவில் எல்லோரும் ஜாவாக்காரர்கள். கோபாலைப் படிக்கத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. புரிந்தவரை ஊகித்து எழுதினோம். வட்டிக் கணக்கு மட்டும் ஒத்துவரவில்லை. ஆயிரம் கணக்குக்கு ஒன்றிரண்டில் சில்லறை மாறி வந்தது. நான்கு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

மத்தியானம் சாப்பிடக் கீழே வந்தவன் இதைப் புலம்பினேன். அவள் அவரைக்காய் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"காச எதுல வச்சிருக்க?" என்று கேட்டாள். அம்மா தூங்கிக்கொண்டிருந்ததால் 'நீ'.

"டபுள்ல" என்றேன். தசம எண்களைத் தோராயமாக வைத்துக்கொள்ளும் வகை அது.

"அதேன். கோபால்ல பைசாவ பைசாவாவே வச்சிருப்பாக, புள்ளிக்குப் பின்னால எத்தன தானம்னு முன்கூட்டியே கட்டிப்போட்டு. நீ வச்சிருக்கது கடைசித் தானத்துல நழுவும். அது போக, ரவுண்டு பண்றத எந்த வரியில பண்ணிருக்காகன்னு பாரு. கடைசியில பண்ண மாட்டாக, நடுவுல பண்ணிருப்பாக."

மேலே போய்ப் பார்த்தேன். அவள் சொன்னபடியே இருந்தது. மறுநாள் கூட்டத்தில் இதை நான் விளக்கியபோது எல்லோரும் அசந்துபோனார்கள். எங்கே பிடித்தீர்கள் என்று கேட்டார்கள். பழைய நிரலை உட்கார்ந்து படித்தேன் என்று சொன்னேன்.

அன்றிலிருந்து அது பழக்கமாகிவிட்டது. அம்மா சாப்பிட்டுத் தூங்கியதும் அவள் ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு மாடிக்கு வருவாள். மகள் கீழே கைபேசியில் வகுப்பைக் கவனித்துக்கொண்டிருப்பாள். நான் திரையில் கோபால் நிரலைப் போட்டுக் காட்டுவேன். அவள் படித்து, இது என்ன செய்கிறது, எதற்காகச் செய்கிறது என்று நோட்டில் எழுதுவாள். நான் அதை ஜாவாவில் எழுதுவேன். "இந்த ஆளு ரொம்ப எச்சரிக்கையான ஆளு. ஒண்ணையே மூணு தடவ சரிபாக்கிறாரு" என்று சிரிப்பாள். எனக்கு நாலு நாள் ஆகும் வேலையை அவள் ஒரு மத்தியானத்தில் முடித்துவிடுவாள். அந்த ஆறு மாதமும் அவள் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. கல்யாணமான புதிதில்கூட நாங்கள் அவ்வளவு பேசிக்கொண்டதில்லை. எங்கள் இரண்டு பேர் வாழ்க்கையிலும் மிக நல்ல காலம் அது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வங்கியின் நிரல்களை வெளியாட்கள் யாருக்கும் காட்டக் கூடாது. அது விதி. மனைவிக்கும் காட்டக் கூடாது. ஆகவே அவள் உதவியை நான் யாரிடமும் சொல்ல முடியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் ஓரளவு நியாயமும் இருந்தது.

ஆடி மாதத்தில் ஒருநாள் காலைக் கூட்டத்தில் எங்கள் குழுத் தலைவர் கேட்டார். "வேலை பின்தங்கியிருக்கு. வங்கிக்காரங்க இன்னும் நாலு பேரை எடுக்கச் சொல்றாங்க. உங்களுக்குத் தெரிஞ்சு கோபால் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா? வேலையை விட்டவங்க, ரிட்டயர் ஆனவங்க யாரா இருந்தாலும் பரவாயில்ல. வீட்டில இருந்தே பாக்கலாம்."

குழுவில் பதினோரு பேர். ஒவ்வொருவராக இல்லை என்றார்கள். என் முறை வந்தபோது நானும் இல்லை என்றேன்.

கூட்டம் முடிந்ததும் எல்லோருக்கும் மின்னஞ்சல் வந்தது. தெரிந்தவர்கள் இருந்தால் பெயர் அனுப்பச் சொல்லி, ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு என்றும் போட்டிருந்தார்கள். அந்த மொழி தெரிந்த ஆட்கள் குறைந்துபோனதால் விலை ஏறியிருந்தது. மாதத்துக்குப் பெருக்கிப் பார்த்தேன். என் சம்பளத்தைவிட அதிகம். இரண்டாவது முறையும் பெருக்கிப் பார்த்தேன்.

அப்போது அவள் மோர் டம்ளரோடு மாடிப்படி ஏறி வந்தாள். நான் மின்னஞ்சலை மூடினேன்.

ஏன் மூடினேன் என்று எனக்குப் பல பதில்கள் இருந்தன. அவளைச் சேர்த்துவிட்டால் இதுவரை படித்துக்கொடுத்தது யார் என்று வெளியே தெரிந்துவிடும், அதனால் வேலை போனாலும் போகும் என்பது ஒன்று. அம்மாவை யார் பார்ப்பது என்பது ஒன்று. அவள் வேறொரு வேலையில் உட்கார்ந்துவிட்டால் என் பாகத்தை யார் படித்துக் கொடுப்பார்கள் என்பது இன்னொன்று. இதையெல்லாம் சொல்லிக்கொள்வதில் கூச்சம் இருந்தாலும் சொல்லிக்கொள்ள முடிந்தது. அந்தத் தொகை என்னுடையதைவிடப் பெரிதாக இருந்தது என்பதைத்தான் வெகுநாள் வரை எனக்கே சொல்லிக்கொள்ள முடியவில்லை.

தை மாதம் வேலை முடிந்தது. பழைய அமைப்பை ஆழமாகப் புரிந்துகொண்டதற்காக என்று சொல்லி எனக்குப் பதவி உயர்வு கொடுத்தார்கள். திரையில் எல்லோரும் கைதட்டினார்கள். நான் தேனி பஜாருக்குப் போய் அவளுக்கு ஒரு பட்டுப் புடவை எடுத்து வந்தேன். "இப்ப எதுக்கு?" என்றாள். சொன்னேன். அவள் முகம் மலர்ந்தது. "பரவாயில்ல, ரெண்டு பேரும் சேந்து நல்லாத்தேன் செஞ்சோம்" என்று சொல்லிப் புடவையைத் தோளில் வைத்துக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டாள். நான் அறையை விட்டு வெளியே வந்துவிட்டேன்.

கோபால் ஆள் தேடிய விஷயம் அவளுக்குத் தெரிந்தது தொலைபேசியில். பழைய அலுவலகத்தில் அவளோடு வேலை பார்த்த தோழி ஒருத்தி கூப்பிட்டிருக்கிறாள். அந்த நாலு பேரில் ஒருத்தியாக வந்து சேர்ந்தவள். எங்கள் குழுவில் இல்லாமல் வங்கி வேலையின் வேறொரு பகுதியில் இருந்ததால் எனக்கு அவளைத் தெரியாது. பேச்சுவாக்கில், உன் வீட்டுக்காரர் அங்கேதானே இருக்கிறார், உன்னை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்டிருக்கிறாள்.

அவள் மாடிக்கு வந்தாள். கையில் நோட்டு இல்லை.

"கோபால் ஆளு தேடுனாகளா உங்க கம்பெனியில?"

"ஆமா."

"எப்ப?"

"ஆடியில."

"ஆடியில நான் இங்கனதேன் ஒக்காந்து உனக்குப் படிச்சுக் குடுத்துக்கிட்டு இருந்தேன்."

"காட்டக் கூடாத ப்ரோக்ராம். வெளிய தெரிஞ்சா வேலை போயிரும்னு..."

"அதச் சொல்ல வேணாமே. எம் பேர மட்டும் குடுத்திருக்கலாம்ல. பரீட்சை வச்சுப் பாத்திருப்பாக. பாஸாயிருப்பேன்."

அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு அடுத்ததைக் கேட்டாள்.

"எவ்வளவு போட்டிருந்தாக?"

சொன்னேன். அவள் உதடு லேசாக அசைந்தது. மனதுக்குள் பெருக்குகிறாள் என்று தெரிந்தது.

"உன்னோடத விடச் சாஸ்தி."

"ஆமா."

அவள் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் ஏதாவது சொல்லியிருப்பேன். "அத்தைக்கு மாத்திரை குடுக்கணும்" என்று கீழே இறங்கிப் போனாள். அன்றோடு மாடிக்கு வருவது நின்றது. மோர் வந்தது, காபி வந்தது. மகளிடம் கொடுத்து அனுப்பினாள்.

மறுநாளே நான் குழுத் தலைவரைக் கூப்பிட்டு என் மனைவிக்குக் கோபால் தெரியும் என்று சொன்னேன். "இப்ப சொல்றீங்களே. ஆள் எடுத்து, அந்த வேலையும் முடிஞ்சாச்சு" என்றார் அவர். அவளாகவும் இரண்டு இடத்துக்கு விண்ணப்பம் போட்டாள். திரையில் நேர்முகம் வைத்தார்கள். கேள்விகளுக்கெல்லாம் அவள் பதில் சொல்வது கதவுக்கு வெளியே எனக்குக் கேட்டது. கடைசியில் இரண்டு பேருமே ஒரே கேள்வியைக் கேட்டார்கள். வேலையை விட்ட இந்த வருடங்களில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? ஒரு வங்கியின் பாதி நிரல்களை இந்த வீட்டு மாடியில் உட்கார்ந்து படித்து முடித்தேன் என்று அவளால் சொல்ல முடியாது. சொன்னால் என் வேலை போகும். "மாமியாருக்கு ஒடம்பு சரியில்ல, பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றாள். இரண்டு இடத்திலிருந்தும் பதில் வரவில்லை.

பைத்தான் படி, நான் பணம் கட்டுகிறேன், இப்போது அதற்குத்தான் நல்ல சம்பளம் என்று நான் சொன்னேன். "வேணாம். நீ சொல்லி நான் எதையும் எடுக்கவும் வேணாம், குடுக்கவும் வேணாம்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பாத்திரம் துலக்கிக்கொண்டே சொன்னாள்.

இப்போது அவள் போடியில் ஒரு ஏலக்காய் வியாபாரியின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். எந்த விவசாயியிடம் எத்தனை மூட்டை வந்தது, எந்தத் தரம், என்ன விலைக்குப் போனது என்பதையெல்லாம் வைக்கும் ஒரு பழைய மென்பொருள் அங்கே இருந்தது. எழுதியவர் எங்கோ போய்விட்டார். யாருக்கும் அது புரியவில்லை. இவள் உட்கார்ந்து படித்துச் சரிசெய்தாள், பிறகு அங்கேயே சேர்ந்துவிட்டாள். சம்பளம் நான் வாங்குவதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. அம்மாவைப் பார்த்துக்கொள்ள கெங்குவார்பட்டியிலிருந்து ஒரு அம்மா வந்து வீட்டோடு தங்கியிருக்கிறார். நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறார். ஆள் கிடைக்க எங்களுக்கு ஒரு வாரம்தான் ஆயிற்று.

எனக்கும் முன்போல் இல்லை. ஜாவாவில் எழுத இப்போது அவ்வளவு ஆட்கள் தேவைப்படவில்லை. எங்கள் குழுவில் பதினோரு பேரில் நாலு பேர்தான் மிச்சம். அடுத்து யார் என்று எல்லோருமே காத்திருக்கிறோம். வேறு மொழி படிக்கச் சொல்கிறார்கள். படிக்கிறேன்.

போன மாதம் ஒரு சாயங்காலம் அவளை அழைத்து வரப் போடிக்குப் போனேன். வழக்கமாகப் பேருந்தில்தான் வருவாள். அன்று மழையில் பேருந்து தாமதமாகும் என்று காரணம் சொல்லிக்கொண்டேன். அலுவலகம் ஒரு பழைய கட்டடத்தின் முதல் மாடியில் இருந்தது. படி ஏறும்போதே ஏலக்காய் மணம் மூக்கை நிறைத்தது. உள்ளே அவளைச் சுற்றி மூன்று பேர் நின்றிருந்தார்கள். மலையிலிருந்து வந்த வியாபாரி ஒருவர் பாதி மலையாளத்தில் ஏதோ கேட்க, அவளும் பாதி மலையாளத்தில் பதில் சொல்லித் திரையைக் காட்டினாள். என்னைப் பார்த்ததும், "ஒரு அரை மணி நேரம் ஆகும். கீழ நில்லுங்க" என்றாள்.

முக்கால் மணி நேரம் நின்றேன். வந்து ஸ்கூட்டரில் எனக்குப் பின்னால் ஏறிக்கொண்டாள். தேனிச் சாலையில் பாதி தூரம் வந்தபின் வண்டியை ஓரமாக நிறுத்தினேன். அந்த ஆடி மாதத்து மின்னஞ்சலைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போகும் என்ற பயம் மட்டும் காரணம் இல்லை என்று சொன்னேன். தொகையைப் பார்த்ததும் எனக்கு என்ன ஆயிற்று என்பதையும் சொன்னேன். இதைச் சொல்லி முடிக்க எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

அவள் முந்தானையால் முகத்தில் தூறலைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரியும். நீ மாசக் கணக்கு பெருக்கிப் பாத்திருப்ப. நானும் அதத்தேன மொதல்ல பாத்தேன்" என்றாள். கொஞ்சம் கழித்து, "அன்னைக்குச் சொல்லியிருந்தா நாம ரெண்டு பேரும் சண்ட போட்டிருப்போம். சண்ட போட்டுட்டு நான் வேலைக்குப் போயிருப்பேன். இப்ப இதக் கேட்டு நான் என்ன செய்ய?"

"ஒண்ணும் செய்ய வேணாம். சொல்லணும்னு இருந்துச்சு."

"சொல்லிட்டல்ல. எடு வண்டிய. அத்தையப் பாத்துக்கிற அம்மா இன்னைக்கு ஏழு மணி பஸ்ஸுக்கு ஊருக்குப் போகணும்னு சொல்லியிருக்காக."

வண்டியை எடுத்தேன். தூறல் வலுத்தது. அவள் ஒரு கையால் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பையை மடியில் அணைத்தபடி வந்தாள்.